முழுப் பெயரும் முகவரியும்

மாட்டுங்கா,
5-10-1942

ஸ்ரீ பிரம்மநாயகம் அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நாற்பது நிமிஷ விவாதத்துக்குப் பிறகு, நம் வாசகர் சங்கத்தின் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. நம் கையெழுத்துப் பத்திரிகையான ‘கைவிளக்கில்’ இனிப் புனைபெயர் கிடையாது. ஒவ்வொரு கதையின் கீழும் எழுதியவரின் முழுப் பெயரும், கதவு எண் உள்பட முழு முகவரியும் இருக்கும். சங்கத்தின் பதினொரு வருஷ வரலாற்றில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய தீர்மானம், பெஞ்சுகளை வடக்குப் பார்த்துத் திருப்பிப் போட்டது ஒன்றுதான்.

ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு இருப்பதை அறிவீர்கள். கமிட்டியில் ஏழு பேர். ஆகவே என் வீட்டு ஹாலில் நால்வரும் சமையலறையில் மூவருமாக உட்கார்ந்தோம். தீர்மானத்தின் வாசகத்தை என் மனைவி வாலாம்பாள் இங்கும் அங்குமாக எடுத்துப்போய் வந்தாள். அவள் உறுப்பினர் அல்ல, எண்ணிக்கையில் வரமாட்டாள்.

தீர்மானத்துக்குக் காரணம் அனந்தகிருஷ்ணன். போன இதழில் அவருடைய கதையைப் புகழ்ந்து நான்கு பேர் எழுதியிருந்தார்கள். நான்கு பேரும் அவரே. நாலாவது கடிதத்தில், நம்பிக்கை வருவதற்காக, கொஞ்சம் குறையும் சொல்லியிருந்தார்.

அதே உத்தரவின் காரணமாக நம் ஞாயிறு கதை வகுப்பு இனித் தபாலில் நடக்கும். நீங்கள் மூன்று வகுப்புக்குத்தான் வந்திருக்கிறீர்கள். தோல் கிடங்கிலிருந்து வருவதால் தள்ளி உட்கார்வதாகச் சொல்லிக் கடைசி பெஞ்சில் இருந்தீர்கள். தபாலில் அந்தச் சங்கடம் இல்லை.

முதல் பாடம். ஒரு வீட்டில் கிளி காணாமல் போயிற்று. சமையல்காரன் நமக்குக் கதை சொல்கிறான். கூண்டின் தாழ்ப்பாள் சரியில்லை என்கிறான். எஜமானி ஜன்னலைச் சாத்துவதில்லை என்கிறான். கிளிக்கே அந்த வீடு பிடிக்கவில்லை என்கிறான். நடுவில் ஒரு வரி: ‘என் பூனை இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை, பாவம்.’ அவ்வளவுதான். மேற்கொண்டு அவன் என்ன சொன்னாலும் நமக்குத் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்டவனை நம்பத்தகாத சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை படிக்கும்போது நான்கு கேள்வி கேட்க வேண்டும். யார் சொல்கிறான்? அவன் நின்ற இடத்திலிருந்து எது தெரியும்? எதைச் சொல்லாமல் விட்டான்? நம்மிடம் ஏன் சொல்கிறான்?

பயிற்சி: தன் வீட்டில் ஒன்றுமே இல்லை என்று ஒருவன் சொல்கிறான். இருக்கிறது என்று அவன் வாயாலேயே நமக்குத் தெரிய வேண்டும். மூன்று பக்கத்துக்கு மேற்படாமல்.

இப்படிக்கு,
வேங்கடசுப்ரமணியன்

நகல்: சங்கத் தலைவர்; ஃபைல்.
(கப்பல் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் கடிதம் எழுதிய கை. நகல் யாருக்கு என்று போடாமல் நிற்காது. பொருட்படுத்த வேண்டாம்.)

*

தாராவி,
13-10-1942

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பாடம் கிடைத்தது. சமையல்காரன் கதையை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவையும் எனக்கு அவன் பேரில் இரக்கமாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை பூனை கண்ணில் பட்டது. பட்டதும் கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவன் ஒன்றுமே சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படித் தெரிந்துவிடுமா, ஐயா? அல்லது பாடம் படித்தவர்களுக்கு மட்டும்தானா?

கரீம் பாட்சா முதலாளியின் தோல் கிடங்கில் எட்டு வருஷமாகச் சாவி என் வசம் இருக்கிறது. கிடங்குக்குப் பின்னாலேயே ஒரு அறை. நானும் ஆவுடையம்மாளும் அதில் இருக்கிறோம். குழந்தை இல்லை. நாங்கள் இரண்டே பேர்.

பயிற்சிக்கு வேறு ஏதாவது எழுதப் பார்த்தேன். நகையைத் தலையணைக்குள் தைத்து வைத்தவன் கதை ஒன்று தொடங்கி அரைப் பக்கத்தில் நின்றுவிட்டது. எனக்கு நகையும் தெரியாது, தலையணையும் பழக்கமில்லை. கடைசியில் கிடங்குக் காவல்காரன் ஒருவனைப் பற்றி எழுதினேன். இணைத்திருக்கிறேன். அவன் நான் அல்ல.

ஒரு விண்ணப்பம். நான் தாமிரபரணிக் கரைக்காரன் என்பதால் ‘பொருநை’ என்று பெயர் வைத்துக்கொள்ள ஆசை. கமிட்டி எனக்கு மட்டும் விலக்குக் கொடுக்குமா? நான் யாரையும் புகழ்ந்து கடிதம் எழுதியதில்லை.

தங்கள் கீழ்ப்படிந்த,
பிரம்மநாயகம்

*

மாட்டுங்கா,
17-10-1942

ஸ்ரீ பிரம்மநாயகம் அவர்களுக்கு,

உங்கள் காவல்காரன், ‘பரணில் உப்புத் தோல் தவிர ஒன்றும் இல்லை’ என்கிறான். நான் நம்பிவிட்டேன். கதையின் குறை அதுதான். மூன்று பக்கமும் படித்துவிட்டு, பாவம் நல்ல மனுஷன், தோல்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறான் என்ற எண்ணத்தோடு காபி குடிக்கப் போனேன். ஒளித்தால் போதாது. ஒளித்திருப்பது தெரிய வேண்டும். உங்கள் கதையில் பூனையும் இல்லை, அது தொடாத சோறும் இல்லை.

தவறாக எண்ண வேண்டாம், உங்களுக்குக் கற்பனை கொஞ்சம் மட்டு. அது நல்லதே. கற்பனை உள்ள அனந்தகிருஷ்ணன் எழுதியதையும் நாம்தானே படிக்கிறோம். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பரண் என்றால் ஏணி இருக்க வேண்டும். ஏணிக்கு எத்தனை படி? வீட்டில் எத்தனை தம்ளர்? மூன்று தடயம் வேண்டும். மூன்றும் அற்பமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. பயம் எங்கே? பயந்தவன் பயத்தைப் பற்றிப் பேசமாட்டான். ஏணியைப் பற்றி நிறையப் பேசுவான்.

புனைபெயர் விஷயம்: தீர்மானம் தீர்மானமே. ஆனால் பத்திரிகையில் வந்துவிடுமோ என்ற கவலை, கதை இப்போதிருக்கும் நிலையில், உங்களுக்கு அவசியமில்லை.

வேங்கடசுப்ரமணியன்
நகல்: ஃபைல்.

*

தாராவி,
27-10-1942

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

திருத்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். தங்களுக்கு மட்டும். படித்துவிட்டு, சரி தப்பு போட்டு, இதையே திருப்பி அனுப்பிவிடக் கோருகிறேன். என்னிடம் வேறு பிரதி இல்லை.

ஆரம்பம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்:

‘எங்கள் கிடங்கின் பரணில் யாரும் இல்லை. ஏணிக்கு ஏழு படி. அதில் யாரும் ஏறுவதில்லை. ஆறாவது படி போன செவ்வாய்க்கிழமை முறிந்தது. தச்சனைக் கூப்பிடவில்லை, நானே கயிறு கட்டிவிட்டேன். தச்சர்கள் அதிகம் பேசுவார்கள். என் மனைவிக்கு இப்போது பசி கூடிவிட்டது, முன்னைவிட ஒன்றரைப் பங்கு வடிக்கிறாள். ஆனால் இளைத்திருக்கிறாள். முதலாளி நல்லவர். முன்பெல்லாம் கிடங்குக்குள் வந்தால் அண்ணாந்து பார்ப்பார். இப்போது பார்ப்பதில்லை. ராத்திரியில் சில சமயம் தோல்கள் இருமும். உப்புக் காய்ந்தால் தோலில் அப்படி ஒரு சத்தம் வரும். புதிதாகக் கேட்பவர்களுக்கு வித்தியாசமாக இருக்கும்.’

எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன், ஐயா. ஆகஸ்டு மாசத்துக்குப் பிறகு அன்றுதான். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைக் காகிதத்திடம் சொல்லலாம் போலிருக்கிறது. காவல்காரனைத்தான் சொல்கிறேன்.

கதையை ஒருவர் படித்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தியில்லை. “அத்தான், கீழ நின்னுக்கிட்டு மேல இருக்கவனப் பத்தி என்ன எழுதுதீரு? ஏழு படி ஏறி வந்து, தோலுக்கு நடுவுல குந்தி, ஓட்டுல ஒரு சாண் ஓட்டை வழியா வானத்தைப் பாத்து எழுதும். கத வேற மாதிரி இருக்கும்” என்றார். “நான் அம்புட்டு சத்தமாவா இருமுதேன்?” என்றும் கேட்டார். யார் கண்ணால் பார்க்கிறோம் என்ற தங்கள் பாடம் எனக்கு அப்போதுதான் நன்றாகப் புரிந்தது.

அவர் ஊரிலிருந்து வந்திருந்தவர். திரும்பிப் போய்விட்டார்.

தங்கள் கீழ்ப்படிந்த,
பிரம்மநாயகம்

*

மாட்டுங்கா,
9-11-1942

அன்புள்ள பிரம்மநாயகம் அவர்களுக்கு,

தோல்கள் இருமும். இந்த இரண்டு வார்த்தைக்காக நான் பதினொரு வருஷம் வகுப்பு நடத்தியிருக்கிறேன் என்று கமிட்டியில் சொன்னேன். ஹாலிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். சமையலறைக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததும் அங்கேயும் தட்டினார்கள்.

உங்கள் கதை தீபாவளி மலரில் வந்துவிட்டது. ‘பரணில் யாரும் இல்லை’ என்று தலைப்பிட்டேன். வாலாம்பாள் தன் கையெழுத்தில் அழகாகப் பிரதி எடுத்தாள். இருமல் வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இது கதைதானா?” என்று கேட்டாள். நல்ல கதை அப்படித்தான் கேட்க வைக்கும் என்று விளக்கினேன். “அட்ரஸை எழுத வேண்டாமே” என்றாள். தீர்மானத்தைக் காட்டினேன். எழுதினாள்.

மலர் நேற்று முதல் சுற்றில் இருக்கிறது. பத்தொன்பது வீடு, வீட்டுக்கு ஒரு நாள். ஐந்தாவது அனந்தகிருஷ்ணன், ஆறாவது நாகலக்ஷ்மி அம்மாள், ஏழாவது ஜகந்நாதன். இந்த ஜகந்நாதனின் அபிப்பிராயத்துக்கு நான் ஆவலாக இருக்கிறேன். யுத்தம் தொடங்கியதிலிருந்து சர்க்கார் தணிக்கை ஆபீசில் தமிழ்க் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் உத்தியோகம் அவருக்கு. நம் சந்தாதாரர்களில் வரி விடாமல் படிப்பவர் அவர் ஒருவரே. சம்பளம் வாங்கிப் படித்துப் பழகியவர்.

மூலப் பிரதியைச் சங்கத்து அலமாரியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

வேங்கடசுப்ரமணியன்
நகல்: சங்கத் தலைவர்; ஃபைல்.

*

தாராவி,
16-11-1942

ஐயா அவர்களுக்கு,

நேற்று தங்கள் வீட்டுக்கு வந்தேன். தாங்கள் தாதரில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். தங்கள் வீட்டம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். சுற்றுப் பட்டியலைக் கையில் கொடுத்து, “சீக்கிரம் போங்கோ” என்றார்கள்.

அனந்தகிருஷ்ணன் என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தார். “ஓ, ஏணிக்காரரா? வாரும், வாரும். மேலே இருக்கிறவன் யாரு ஓய்? நான் கள்ள நோட்டு அடிக்கிறவன்னு சொல்றேன். என் ஆத்துக்காரி ஓடிப்போன பட்டாளத்தான்னு சொல்றா. மூணு நாளா இதே சண்டை. தீர்த்து வெச்சுட்டுப் போம்” என்றார். புத்தகம் கைமாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளவே அரை மணி ஆயிற்று.

நாகலக்ஷ்மி அம்மாள் வாசலிலேயே கேட்டார்கள்: “கடைசியில அவன் பிடிபட்டானா இல்லையா? அதைச் சொல்லாம விட்டுட்டேளே.”

தெரியாது என்றேன்.

“எழுதினவருக்கே தெரியாதா?” என்று சிரித்தார்கள். காபி வேண்டுமா என்றார்கள்.

ஜகந்நாதன் வீட்டு வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. அதை மூன்று தடவை படித்தேன். ஜன்னல் திறந்திருந்தது. மேஜையில் கைவிளக்கு விரித்திருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். பக்கத்தின் அடிக்கு வந்ததும் பென்சில் நின்றது. அங்கே என் பெயரும் முகவரியும்தான் இருக்கும். பென்சில் ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. நான் கதவைத் தட்டவில்லை. எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது.

இன்று காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு சுண்டல்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான். முன்னே பின்னே பார்த்திராத ஆள். கூவி விற்கவில்லை. கூவாமல் எவனாவது சுண்டல் விற்பானா, ஐயா? கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

புத்தகத்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்த முடியாவிட்டால் அந்தக் கடைசி இரண்டு வரியையாவது கிழித்துவிடுங்கள். தங்களை வணங்கிக் கேட்கிறேன்.

பிரம்மநாயகம்

*

மாட்டுங்கா,
18-11-1942

அன்புள்ள பிரம்மநாயகம் அவர்களுக்கு,

முதல் கதை வெளியானவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வருவது வழக்கம். என் முதல் கதை வந்தபோது நான் மூன்று நாள் தெருவில் இறங்கவில்லை. பிறகு, யாரும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் சரியாயிற்று. உங்கள் விஷயத்தில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். கொஞ்சம் அதிக நாள் பிடிக்கும்.

சுண்டல்காரன் பகுதி நன்றாக இருக்கிறது. கூவாத சுண்டல்காரன் என்பது ஆறாவது படிக்குச் சமமான தடயம். கதையைத் தொடர்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜகந்நாதன் ஒரே நாளில் படித்துவிட்டார். ஓரத்தில் பென்சிலால் எட்டு இடத்தில் எழுதியிருக்கிறார். ‘ஏணி நன்று.’ ‘முதலாளிக்குத் தெரியுமா?’ ‘இருமல்: நம்பக்கூடியதாக இருக்கிறது.’ இவ்வளவு கூர்மையான வாசகர் நம் பத்திரிகைக்கு வாய்த்ததில்லை. நேற்று டிராமில் பார்த்தபோது என்னைக் கேட்டார்: “இந்தப் பிரம்மநாயகம் நிஜமான ஆளா? முகவரி நிஜமா?” தீர்மானத்துக்குப் பிறகு நம் பத்திரிகையில் பொய் முகவரிக்கு இடமில்லை என்றேன். “இதெல்லாம் கற்பனைதானா?” என்றார். உங்களை விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. “கற்பனையா? அவருக்கு அது கிடையவே கிடையாது. கண்ணால் பார்த்ததைத் தவிர ஒரு எழுத்து எழுதத் தெரியாது” என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். அவருடைய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

புத்தகத்தைக் கிழிப்பது பற்றி: பத்திரிகை சங்கத்தின் சொத்து.

வேங்கடசுப்ரமணியன்
நகல்: ஃபைல்.

*

தாராவி,
21-11-1942

ஐயா,

இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடுங்கள். ஃபைலில் வைக்க வேண்டாம்.

காவல்காரன் நான்தான். பரணில் இருப்பது என் மனைவியின் தம்பி பூலோகம். ஆகஸ்டு கலவரத்தின்போது சர்க்காருக்கு எதிரான துண்டுக் காகிதங்களைச் சைக்ளோஸ்டைல் மெஷினில் அச்சடித்தான். கூட இருந்த மூன்று பேரைப் பிடித்துவிட்டார்கள். ஒருவன் லாக்கப்பில் செத்துவிட்டான் என்று கேள்வி. நான் பார்க்கவில்லை, கேள்விதான். மூன்று மாசமாகப் பரணில் இருக்கிறான். உப்புத் தோலின் நாற்றத்துக்கு யாரும் ஏறி வரமாட்டார்கள் என்பது என் கணக்கு. அந்த நாற்றத்திலேயே அவனுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது.

ஆவுடை கதையைப் பற்றித் தெரிந்துகொண்டாள். “எழுதுததுக்கு வேற ஆளே கெடைக்கலியா ஒங்களுக்கு?” என்றாள். இல்லாத ஆளைப் பற்றித்தானே எழுதினேன் என்றேன். “இல்லாத ஆளுக்கா நான் தெனமும் சோறு வடிக்கேன்?” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாக ஏணியடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் லாரி பூனாவுக்குத் தோல் ஏற்றிப் போகிறது. தோல்கட்டுகளுக்கு நடுவில் அவனை வைத்து அனுப்பிவிடுகிறோம். அங்கே இறக்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. சனிக்கிழமை முதல் பரணில் நிஜமாகவே யாரும் இருக்கமாட்டார்கள். அதுவரை ஆறு நாள். அந்த ஆறு நாளைத் தாண்டுவதற்குத்தான் தங்களிடம் கெஞ்சுகிறேன்.

ஒரே ஒரு கார்டு. ‘பரணில் யாரும் இல்லை என்ற கதை நான் பாடத்துக்காகச் சொல்லிக் கொடுத்தது, ஏணி, தம்ளர், இருமல் எல்லாம் என் யோசனை, பிரம்மநாயகம் நான் சொன்னதை எழுதினார்’ என்று தங்கள் கையெழுத்தோடு. ஜகந்நாதனோ வேறு யாராவதோ வந்து கேட்டால் காட்டுவதற்கு. பாதிக்கு மேல் உண்மைதான். ஏணியைக் கேட்டது தாங்கள்தானே.

சுண்டல்காரன் இன்றும் இருக்கிறான்.

பிரம்மநாயகம்

*

மாட்டுங்கா,
24-11-1942
ரிஜிஸ்தர் தபால்

ஐயா,

பொருள்: கடித வழிக் கதை வகுப்பு - பொறுப்பு இன்மை - தெளிவாக்கல்.

மேற்படி வகுப்பை நடத்துபவர் அதை முழுக்க முழுக்க இலக்கிய நோக்கத்தோடு மட்டுமே நடத்தி வருகிறார் என்பது இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது. மாணவர்கள் அனுப்பும் பயிற்சிகள் மேலோட்டமாகவே பார்க்கப்படுகின்றன. ‘பரணில் யாரும் இல்லை’ என்ற பயிற்சி வகுப்பு நடத்துபவரால் சரியாகப் படிக்கப்படவில்லை. அதில் வரும் ஏழு படி ஏணியோ, முறிந்த ஆறாவது படியோ அவர் நினைவில் இல்லை.

லாரி டிரைவர் மூலம் 21-ம் தேதி தாங்கள் கொடுத்தனுப்பியதாகச் சொல்லப்படும் கடிதம் இங்கே வந்து சேரவில்லை. அதில் கேட்டிருக்கும் கார்டைத் தருவதற்கில்லை.

தங்கள் மைத்துனர் பூலோகம் என்பவர் விஷயமாகவோ, சைக்ளோஸ்டைல் மெஷின் விஷயமாகவோ, வெள்ளிக்கிழமை பூனாவுக்குப் போகவிருக்கும் தோல் லாரி விஷயமாகவோ, வகுப்பு நடத்துபவருக்குத் தங்களால் எக்காலத்திலும் எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்பது இதன் மூலம் உறுதி செய்யப்படுகிறது. பின்னால் யாரும் வேறுவிதமாகச் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதற்காகவே விவரங்கள் ஒவ்வொன்றாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

வகுப்பு நடத்துபவருக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிறது. அவர் எதற்கும் பயப்படவில்லை. மூன்று நாளாக அவருக்குத் தூக்கம் இல்லாதது தெருவில் டிராம் சத்தத்தினால். அவர் மனைவி சனிக்கிழமை மாலையிலிருந்து அவரோடு பேசாததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வகுப்பு இத்துடன் நிறுத்தி வைக்கப்படுகிறது.

இங்ஙனம்,
வேங்கடசுப்ரமணியன்

நகல்: 1. சங்கத் தலைவர்.
2. ஸ்ரீ ஜகந்நாதன், தணிக்கை ஆபீஸ் (ஆபீஸ் விலாசத்துக்கு, தகவலுக்காக).
3. ஃபைல்.

*

11-1-1943

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இங்கே மாசத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். முதலாவதை ஆவுடைக்கு எழுதினேன். இது இரண்டாவது. ஜெயிலர் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே போகும். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 27-ம் தேதி வெள்ளிக்கிழமை, சயான் சாவடியில் காலை ஐந்து பத்துக்கு லாரியை நிறுத்தினார்கள். எந்தக் கட்டுக்குப் பின்னால் என்று தேட வேண்டியிருக்கவில்லை, அவன் இருமினான் என்று டிரைவர் சொன்னார். சனிக்கிழமை என்னை அழைத்துப் போனார்கள். கரீம் பாட்சா முதலாளியை நான்கு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். ஏணியைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

விசாரித்த அதிகாரி தமிழர். நான்கு கேள்வி கேட்டார். யார் சொல்கிறான், எங்கே நின்று பார்த்தான், எதை விட்டுவிட்டான், ஏன் சொல்கிறான். அவர் தங்கள் வகுப்புக்கு வந்தவர் அல்ல. அவர்களுக்கு வேறு இடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களாம்.

ஜகந்நாதனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கைவிளக்கைக் கையில் கொடுத்து இது என்ன என்று கேட்டார்கள். “கதை. நடுத்தரம். முடிவு இல்லை” என்றார். டிராமில் இறங்க மறந்து யோசித்தது, அடுத்த மலருக்குத் தானும் ஒன்று எழுதலாமா என்றுதானாம். அவரைப் பொறுத்தவரை நாங்கள் தப்பித்திருப்போம். ஆனால் தங்கள் 24-ம் தேதி நகல் ஆபீஸ் விலாசத்துக்குப் போய்விட்டது. அங்கே வரும் காகிதத்துக்கு வாசலிலேயே எண் போட்டுவிடுவார்களாம். எண் விழுந்த காகிதத்தைத் துரையிடம் வைக்காமல் இருக்க முடியாது. “ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். நகல் போடாமல் இருந்திருக்கலாம்” என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

சுண்டல்காரர் ஆண்டாப் ஹில்காரர். தொண்டையில் நோய் வந்து குரல் போய்விட்டது. அதனால்தான் கூவுவதில்லை. இன்னும் அங்கேயேதான் விற்கிறார் என்று ஆவுடை யாரையோ எழுதச் சொல்லி அனுப்பிய கடிதத்தில் இருந்தது. நான் பயத்தில் பார்த்திருக்கிறேன்.

தங்கள் வீட்டம்மா தாராவிக்கு வந்து ஆவுடையை இரண்டு தடவை பார்த்ததாகவும் தெரிகிறது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

பூலோகத்துக்கு ஐந்து வருஷம் கடுங்காவல். எனக்குக் கோர்ட்டு விசாரணை இல்லை, அதனால் வருஷக் கணக்கும் இல்லை. அவன் இருப்பது வேறு கட்டடம்.

மலரின் சுற்றுப் பட்டியலில் என் வீடு பத்தொன்பதாவது. அந்த வீட்டில் இனி யாரும் இல்லை. ஆவுடை பொங்கலுக்கு முன் ஊருக்குப் போகிறாள். முகவரி மாறியிருப்பதால் தெரிவிக்கிறேன்.

பிரம்மநாயகம்,
பாதுகாப்புக் கைதி எண் 212,
மூன்றாம் பாரக்,
மத்தியச் சிறை,
நாசிக் ரோடு.